கிணற்றுக்கு இன்னும் ஒன்பது குச்சி

ஏழு ஐம்பது பஸ் அன்றைக்கு எட்டேகாலுக்குத்தான் சேலத்தை விட்டது. பனமரத்துப்பட்டியில் இறங்கி, மலையடிவாரம் வரைக்கும் இரண்டு மைல் நடந்து, வசந்தாமணி தன் காட்டு வேலியை எட்டும்போது மணி ஒன்பதரையைத் தாண்டியிருந்தது. பத்து மணிக்கு மண் ஆய்வு ஆபீசிலிருந்து ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வருகிறவரைக் கூட்டிப்போய்ப் பள்ளத்தைக் காட்டவேண்டும். அதற்காகத்தான் மேச்சேரியில் தங்கை மகள் சீருக்குப் போனவள், மறுநாள் கறிவிருந்துக்கு நிற்காமல் முதல் பஸ் பிடித்து வந்தாள்.

வேலிக்குள் நுழைந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

பள்ளத்தைக் காணவில்லை.

திங்கட்கிழமை அவள் கிளம்பும்போது இருந்தது. கீழே ஓடைக்கரையில் தொடங்கி, ஆட்டு மேய்ச்சலுக்கென்று விட்டிருந்த நாலு ஏக்கர் கொறங்காட்டை நடுவே அறுத்துக்கொண்டு, மேட்டிலிருக்கும் கிணற்றைப் பார்த்து ஏறிவந்த பள்ளம். ஓடைப்பக்கம் ஆள் ஆழம். தலைப்பக்கம் இடுப்பாழம். இப்போது அந்த இடத்தில் செம்மண்ணை வாரிக்கொட்டித் தட்டி, கல்யாணப் பந்தல் போடுவதற்குத் தயார் செய்த மாதிரி மட்டமாகக் கிடந்தது. மண்ணின்மேல் ஜேசிபி சக்கரத்தின் தடம் பட்டை பட்டையாகப் பதிந்திருந்தது.

கிணற்று மேட்டிலிருந்து அவள் புருசன் அர்த்தநாரி இறங்கி வந்தார். வெளுத்த வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. முகத்தில் சிரிப்பு.

"பாத்தியா புள்ள. ரோடாட்ட ஆக்கிப்போட்டோம். ஜீப்பு நேரா கெணத்துக்கே வந்துரும்."

அக்கா மகன் கௌசிக் நேற்று மதியம் ஜேசிபியைக் கொண்டுவந்ததையும், இருட்டுவதற்குள் முடித்துவிட்டுத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றதையும், டீகூட வேண்டாமென்றதையும் அவர் சொல்லிக்கொண்டே போனார். போன வருசம் நடந்த மாதிரி இந்த வருசம் நடக்கக்கூடாது பார் என்றார்.

போன வருசம் ஒரு அதிகாரி வந்தார். பள்ளத்துக்கு அந்தப்பக்கம், மண்பாதையில் ஜீப்பை நிறுத்தினார். பள்ளத்தில் இறங்கினால் ஏறமுடியாது என்று அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். அங்கிருந்து கிணறு தெரியாது. இடத்துக்குப் போக வழியில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வசந்தாமணிக்கு அன்றைக்கு ஆத்திரம் வந்தது. அர்த்தநாரிக்கு வந்தது வெட்கம். வீடு தேடி வந்த ஆளை வழியில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டோமே என்று ஒரு வருசமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்தார். அந்த வெட்கத்தைத்தான் நேற்று ஜேசிபி வைத்து மூடியிருக்கிறார்.

"ஏனுங்க, பள்ளத்தப் பாக்கத்தான அவங்க வாராங்க?" என்றாள்.

"பள்ளம் இருந்தா அவங்க எப்படி வருவாங்க?" என்றார் அவர்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

பள்ளம் நகருகிறது என்று முதலில் சொன்னவள் அவள். யாரும் நம்பவில்லை. தண்ணி கீழ போகுது, பள்ளம் மட்டும் மேல வருதா என்று அர்த்தநாரியே சிரித்தார். அவள் மல்லுக்கு நிற்கவில்லை. வேலியில் கிளுவைக் குச்சிகளை வெட்டிவந்து, பள்ளத்தின் தலையிலிருந்து கிணற்றுக் கட்டு வரைக்கும் ஒரு எட்டுக்கு ஒன்றாக நட்டாள். மொத்தம் முப்பத்தொரு குச்சி. மழை பெய்த மறுநாள் போய் எண்ணுவாள். மலையிலிருந்து வரும் தண்ணீர் பள்ளத்தின் தலையில் அருவி மாதிரி விழும். விழுகிற இடத்தில் அடிமண் கரையும். மேல்மண் கொஞ்சநேரம் அந்தரத்தில் நின்று, பிறகு புல்லோடும் குச்சியோடும் உள்ளே சரியும். முதல் வருசம் எட்டுக் குச்சி போனது. அடுத்த வருசம் ஆறு. போன ஐப்பசியில் ஒரே மழையில் எட்டு.

மீதி ஒன்பது. அந்த ஒன்பதுக்கு அப்பால் கிணறு. ஐம்பதடி ஆழம், கருங்கல் கட்டு. கட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் போய்விட்டால் கல் நிற்காது. கிணறு போனால் வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஒன்றரை ஏக்கர் மரவள்ளி போனது. மரவள்ளி அவள் பாடு. மோட்டார் போடுவது, மடை மாற்றுவது எல்லாம் அவள். ஆடு அவர் பாடு.

அஸ்தம்பட்டியிலிருக்கும் மண் ஆய்வு ஆபீசுக்கு நாலு தடவை அலைந்து அவள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். மலையடிவார நிலத்துக்கெல்லாம் வரைபடம் போடுகிறார்கள். மண் அரிப்பு அபாயம் அதிகம் என்றால் சிவப்பு. நடுத்தரம் மஞ்சள். குறைவு பச்சை. சிவப்பில் விழுகிற நிலத்துக்குத்தான் தடுப்பணை. பள்ளத்தின் நடுவில் மூன்று தடுப்பணை கல்லடுக்கிக் கட்டினால் தண்ணீரின் வேகம் அடங்கும், தலை நின்றுவிடும். வருகிற ஆள் தலைப்பக்கம் வந்து பள்ளத்தைப் பார்த்தால் போதும். ஒரு படம் எடுத்தால் போதும்.

"என்ற குச்சியெல்லாம் எங்கீங்க?" என்று கேட்டாள்.

அர்த்தநாரி வேகமாகப் போய்க் கிணற்றுக் கட்டின்மேல் இருந்த ஒரு குச்சிக்கட்டைத் தூக்கி வந்தார். ஒன்பது குச்சியையும் கையாலேயே பிடுங்கி, நார் போட்டுக் கட்டி, வேரில் ஈரச்சாக்கு சுற்றி வைத்திருந்தார். இரண்டு குச்சிகளில் துளிர் விட்டிருந்தது.

"ஜேசிபிக்காரன் ஒடைச்சுப்போடுவான்னு நான் முன்னாலயே எடுத்து வெச்சுட்டேன். உனக்கு வேணுமேன்னு."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. பள்ளத்தை மூட அத்தனை மண் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். பள்ளத்தின் மேல்கரையில் முக்கால் ஏக்கர் வழித்து எடுக்கப்பட்டிருந்தது. கொழுக்கட்டைப் புல், அதன் வேர் பிடித்துவைத்திருந்த ஒரு முழம் செம்மண், எல்லாம் பள்ளத்துக்குள். வழித்த இடத்தில் அடியிலிருந்த சுக்கான்கல் வெள்ளை வெள்ளையாகப் பல்லிளித்தது. உழாமல், தோண்டாமல், தலைமுறையாக ஆட்டுக்கென்றே விட்டுவைத்த காடு. ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டார்கள்.

பத்து இருபதுக்கு ஜீப் வந்தது. பள்ளம் இருந்த இடத்தின்மேல் ஏறி, குலுங்காமல், நேராகக் கிணற்றடிக்கு வந்து நின்றது. அர்த்தநாரி வசந்தாமணியை ஒரு பார்வை பார்த்தார்.

இறங்கியவள் தனப்பிரியா. முப்பது வயதுக்குள் இருக்கும், ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். தோளில் டேப்லெட் தொங்கியது, கையில் மண் எடுக்கும் திருகுக் கம்பி. அர்த்தநாரி மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, இந்த மாதத்தில் ஜீப் உள்ளே வரமுடிந்த முதல் காடு இதுதான் சார் என்றாள். அர்த்தநாரிக்கு அதற்குமேல் என்ன வேண்டும். வசந்தாமணி கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தனப்பிரியா முதல் குழியைக் கிணற்றுக்கு மேற்கே, யாரும் தொடாத புல்லில் போட்டாள். கம்பி ஒரு முழம் இறங்கி நின்றது. சுக்கான். எழுதிக்கொண்டாள். அடுத்ததை மட்டம் செய்த மண்ணில் வைத்தாள். புட்டுக்குள் விரல் போவது மாதிரி கம்பி உள்ளே போனது. கைப்பிடி தரையைத் தொடும்வரை போனது. இழுத்தபோது, கம்பியின் நுனியில் வந்த மண்ணில் ஒரு கொத்துப் புல் இருந்தது. பச்சை வாடாத புல்.

அவள் அந்தப் புல்லை விரலால் எடுத்துப் பார்த்தாள்.

"இதை எப்ப சார் மூடினீங்க?"

"நேத்தைக்குத்தானுங்க மேடம். நீங்க வாரீங்கன்னு."

"எனக்காகவா?"

"ஆமாங்க."

அவள் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தாள். வசந்தாமணி பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். குச்சியைச் சொன்னாள், போன ஐப்பசியைச் சொன்னாள், போனில் இருந்த படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். தனப்பிரியா ஒவ்வொரு படத்தையும் நின்று பார்த்தாள். பிறகு டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினாள்.

பள்ள அரிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அதைத் தொட்டால் அகலம் கேட்டது, ஆழம் கேட்டது, படம் கேட்டது. படம் அந்த இடத்தில் அந்த நிமிசம் எடுத்ததாக இருக்கவேண்டும். பழைய படத்தை அது வாங்காது. கலைக்கப்பட்ட நிலம் என்று இன்னொரு கட்டம். அதைத் தொட்டால், இந்த இடத்தை விட்டுவிட்டு ஐம்பது மீட்டர் தள்ளிப்போய்ப் பார்க்கச் சொன்னது. ஐம்பது மீட்டர் தள்ளினால் மலையோரம். அங்கே ஆள் கால் படாத புல். பச்சையில்தான் விழும்.

"நீங்களே கம்பி உட்டுப் பாத்தீங்களே அம்மிணி," என்றாள் வசந்தாமணி.

"எனக்குத் தெரியுதுங்கம்மா. இதுக்குத் தெரியணுமே."

வசந்தாமணி மோட்டார் அறைக்குப் போய் மண்வெட்டியை எடுத்து வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பள்ளத்தின் தலை எங்கே இருந்தது என்று கண்ணாலேயே அளந்து, வெட்ட ஆரம்பித்தாள். பஸ்ஸில் வந்த பட்டுச் சேலை. அர்த்தநாரி இரண்டு முறை விடு விடு என்றார், பிறகு தானும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வந்தார். போ அந்தப்பக்கம் என்று அவள் சொன்ன சொல்லில் கூடையோடு அங்கேயே நின்றார். முழங்கால் ஆழம் வெட்டியதும் பழைய கரை தட்டுப்பட்டது. ஒருபக்கம் இறுகிய மண், அதில் பொடிப்பொடியாக வேர். மறுபக்கம் கொட்டின மண். அவள் வெட்ட வெட்ட அது மேலிருந்து சரிந்து குழியை மூடியது. மறுபடி வெட்டினாள். மறுபடி சரிந்தது.

தனப்பிரியா வந்து குழியோரம் குந்தினாள். முழங்கால் ஆழக் குழியைப் பள்ளம் என்று எழுதமுடியாது என்றாள். மண்வெட்டி வெட்டின குழி மண்வெட்டி வெட்டினது மாதிரிதான் படத்தில் தெரியும்.

"மழை பேஞ்ச மறுநாளு வாங்க. ஒரே ஒரு மழ. எல்லாம் தொறந்துக்கும். அன்னைக்கு வந்து பாருங்க," என்றாள் வசந்தாமணி. மூச்சு வாங்கியது.

இந்தப் பகுதி இன்றோடு முடிகிறது என்றாள் தனப்பிரியா. சாயங்காலம் ஐந்து மணிக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிட வேண்டும். நாளைக்கு அவள் கொல்லிமலை அடிவாரத்தில் இருப்பாள். அடுத்த வரைபடம் ஐந்து வருசம் கழித்து.

ஐந்து வருசம். மீதி ஒன்பது குச்சி. இந்த வருசம் அதில் ஒன்றாவது மிஞ்சுமா. இறுகிக் கிடந்த மண்ணையே தண்ணீர் எட்டு எட்டாக அறுத்தது. இந்தக் கொட்டின மண்ணை ஒரு மழை வாரிக்கொண்டு போய் ஓடையில் போடும். மேலே புல்லும் இல்லை. வழித்த இடத்தில் விழும் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இறங்காமல் அப்படியே பள்ளத்துக்குத்தான் வரும். வசந்தாமணி மண்வெட்டியைப் போட்டுவிட்டு அதைப் போட்ட இடத்திலேயே உட்கார்ந்தாள். ஜருகுமலை உச்சியில் மேகம் கருத்துக்கொண்டிருந்தது.

கொட்டகையில் ஆடுகள் கத்த ஆரம்பித்தன. வருகிறவர் முன்னால் குறுக்கே வந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து அவற்றை அடைத்து வைத்திருந்தார் அர்த்தநாரி. தண்ணி காட்டும் நேரம் தாண்டிவிட்டது. அவர் தயங்கித் தயங்கிப் போய்ப் படலைத் திறந்தார்.

முப்பத்திநாலு மேச்சேரி ஆடு, செம்மண் நிறத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. படலைத் தாண்டியதும் நேராக இறங்கின. கிணற்றை ஒட்டி, மட்டம் செய்த மண்ணின் நடுவாக, ஓடையைப் பார்த்து. காடு பூராவும் விரிந்து கிடக்க, ஒரு ஆடுகூட இடம் மாறவில்லை. பள்ளம் இருந்தபோதும் அதற்குள்ளேயே இறங்கி, இருபது வருசமாக நடந்த கோட்டிலேயே நடந்தன. புது மண்ணில் கால்கள் புதைந்தன. கடைசி ஆடு இறங்கும்போது அந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் தடம் விழுந்திருந்தது.

தனப்பிரியா எழுந்து அந்தத் தடத்தைப் பார்த்தாள். மேலே படலைப் பார்த்தாள். கீழே ஓடையைப் பார்த்தாள்.

"படலை அங்க வச்சது யாரு?"

இருபது வருசத்துக்கு முன்னால் அது ஒரு பெரிய சண்டை. படலைக் கிழக்கு மூலையில் வைக்கலாம், ஆடு சரிவில் குறுக்காகச் சுற்றி இறங்கட்டும் என்று வசந்தாமணி சொன்னாள். அவளுக்கு மண்ணைப்பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. மரவள்ளி ஓரத்தில் ஆடு வரக்கூடாது என்பதுதான் அவள் கவலை. தாகத்தோடு போகிற ஜீவனைச் சுற்றவிடுவதா என்று அர்த்தநாரி நேராக வைத்தார். நேர்வழி. அந்த நேர்வழியில்தான் முதலில் புல் செத்தது, பிறகு தடம் விழுந்தது, பிறகு மழைத்தண்ணீர் அந்தத் தடத்தைத் தன் வழியாக எடுத்துக்கொண்டது. இது வசந்தாமணிக்குக் குச்சி நட்ட இரண்டாவது வருசமே தெரியும். சொல்லவில்லை. சொன்னால் ஆட்டைக் கை காட்டின மாதிரி ஆகும்.

"நாந்தானுங்க வெச்சது," என்றார் அர்த்தநாரி.

தனப்பிரியா டேப்லெட்டில் எதையோ தேடினாள். தேடும்போதே அவள் முகம் மாறியது. ஒரு வழி இருக்கிறது என்றாள். சொல்ல இஷ்டமில்லாதவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள். மேய்ச்சலால் தேய்ந்த நிலம் என்று ஒரு கட்டம் உண்டு. அதற்குப் பள்ளம் வேண்டாம். ஆட்டுத்தடமும் வெறுந்தரையும் படத்தில் தெரிந்தால் போதும். தடம் இதோ இருக்கிறது. வெறுந்தரை முக்கால் ஏக்கர் கிடக்கிறது. அதைப் போட்டால் சிவப்பில் விழும். மூன்று தடுப்பணையும் வரும், மழைக்கு முன்னாலேயே கல் இறக்க எழுதிக்கொடுக்கலாம்.

"அந்த வெறுந்தரை ஆடு மேஞ்சதில்லீங்களே," என்றார் அர்த்தநாரி. "ஜேசிபி வழிச்சதுங்க அது."

"தெரியும் சார். ஆனா ஆரம்பிச்சது இந்தத் தடத்துலதான? முழுப் பொய் இல்ல. பாதி உண்மைன்னு வச்சுக்கங்க. அதுக்கு மேல எனக்கும் மனசு வரல."

அவள் இன்னும் முடிக்கவில்லை. அந்தக் கட்டத்தோடு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டு வருகிறது. மேய்ச்சலால் தேய்ந்த நிலம் என்று எழுதினால் மூன்று வருசம் அந்த நிலத்தில் ஆடு நுழையக்கூடாது. வேலியில் பலகை வைப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். ஒரு புழுக்கை கிடந்தாலும் மீதிப் பணி நின்றுவிடும்.

முப்பத்திநாலு ஆட்டுக்கு மூன்று வருசம் வேறு மேய்ச்சல் இல்லை. மலை வனத்துறைக்குச் சேர்ந்தது. ஏரிக்கரைக்குள் விடமாட்டார்கள். அக்கம்பக்கத்துக் காடெல்லாம் மனைக்கல் நட்டாகிவிட்டது. ஓட்டிக்கொண்டுபோய் மேச்சேரிச் சந்தையில் விட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

தனப்பிரியா ஜீப்பின் நிழலில் போய் நின்றுகொண்டாள். இன்னும் நாலு காடு பார்க்கவேண்டும், பேசி முடிவு சொல்லுங்கள் என்றாள். டிரைவர் மலையைப் பார்த்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்தார்.

வசந்தாமணியின் வாயில் பதில் தயாராக இருந்தது. மூன்று வருசமாக அவள் நடந்ததெல்லாம் இந்த ஒரு எழுத்துக்காகத்தான். கிணறு இருந்தால் மூன்று வருசம் கழித்து ஆடு வாங்கலாம். ஆட்டை வைத்துக்கொண்டு ஐம்பதடிக் கிணறு வெட்டமுடியாது. சொல்லிவிடலாம். சொன்னால் அவர் தலையாட்டுவார், மறுத்துப் பேசமாட்டார். சந்தைக்குத் தானே ஓட்டிப்போவார். மூன்று வருசம் இந்த வேலியோரத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு நாள்கூட அவளைக் குற்றம் சொல்லமாட்டார். அதை நினைக்கத்தான் அவளுக்கு எரிந்தது. படலை வைத்தது அவர், பள்ளத்தை மூடினது அவர், சொல்லவேண்டியவள் மட்டும் அவளா.

ஆடுகள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி ஏறிவந்துகொண்டிருந்தன, அதே தடத்தில். அர்த்தநாரி அவற்றை உதட்டுக்குள் எண்ணினார். குச்சிக்கட்டு இன்னும் அவர் அக்குளில் இருந்தது. மேலே எங்கோ இடி உருண்டது. ஜீப்பிலிருந்து தனப்பிரியா ஒருமுறை கூப்பிட்டாள்.

வசந்தாமணி எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலேயே, அவர் எதிரில் போய் நின்றாள்.

"ஏனுங்க மாமா, அந்த அம்மிணி கேக்குதுங்க. என்னன்னு எழுதச் சொல்லட்டும்?"